தலையையும் தூக்கத்தையும் தந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைப் பற்றி நான் ஆறு ஆண்டுகளாகச் செய்துவந்த ஆய்வு சென்ற வாரம் ஏற்கப்பட்டது. ஆய்வேட்டின் நன்றியுரையில் வழிகாட்டிய பேராசிரியர்கள் பெயர் இருக்கிறது. நோயாளிகளின் பெயரை அச்சிடக் கூடாது என்பது விதி. சரியான விதிதான். ஆனால் அதனால், முதலில் நன்றி சொல்லப்பட வேண்டியவர்கள் எல்லோரும் விடுபட்டுப் போனார்கள். இந்த மடல் அவர்களுக்கு.

1924-ல் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். வெளியிட்டது 1929-ல். தான் பதிவு செய்தது மூளையின் அலைதானா என்ற ஐயம் அவரை விடவில்லை. அந்த ஐயம் எனக்கு நன்றாகப் புரிகிறது. மண்டையோட்டைக் கடந்து தோலுக்கு வரும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் சில பத்துப் பங்குதான். கண்ணிமைத்தால் அது மூழ்கிவிடும். பல்லைக் கடித்தாலும், பக்கத்துச் சுவரில் ஓடும் மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் புகுந்தாலும் மூழ்கிவிடும்.

அதை மூழ்காமல் காத்துக்கொடுத்தவர், மூளை மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. அறையின் அக்கா. மூக்குப் பள்ளத்திலிருந்து பிடரி மேடு வரை நாடாவால் அளப்பார். அந்த நீளத்தில் பத்து விழுக்காடு, இருபது விழுக்காடு என்று பென்சிலால் புள்ளி வைப்பார். முடியை வகிர்ந்து, தோலை மெல்லத் தேய்த்து, 21 இடங்களில் மின்முனைகளை ஒட்டுவார். ஒரு நாள், தலை நிறைய எண்ணெயோடு ஒரு குழந்தை வந்துவிட்டது. எண்ணெய் இருந்தால் மின்முனை பிடிக்காது. இன்னொரு நாள் வரச் சொல்லியிருக்கலாம். அவரோ குழாயடியில் உட்காரவைத்து, தானே ஷாம்பு போட்டு அலசி, தன் துண்டாலேயே துவட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார். அக்கா, உங்கள் கை பட்ட பதிவுகளைப் பெயர் பார்க்காமலே என்னால் அடையாளம் காண முடியும்.

திருவள்ளூரிலிருந்து முதல் ரயிலில் வரும் அம்மாவுக்கு என்ன சொல்வது? தூக்கம் குறைந்தால் வலிப்பு அலைகள் வெளிப்படும் வாய்ப்பு கூடும் என்பதால், பதிவுக்கு முந்தைய இரவு மகனைத் தூங்கவிட வேண்டாம் என்றோம். அவனோடு நீங்களும் விழித்திருந்தீர்கள். அதைவிடப் பெரிய உதவி உங்கள் நாற்பது பக்க நோட்டு. தேதி, மணி, எத்தனை நிமிடம், எந்தப் பக்கம் என எல்லாம் அதில் இருந்தது. ஒரே வரி பல பக்கங்களில் திரும்பத் திரும்ப வந்தது: "முதலில் வலது கட்டைவிரல் துடித்தது. பிறகுதான் வாய் கோணியது."

வலது கட்டைவிரலை ஆட்டுவது மூளையின் இடது பக்கம். மூளை முழுவதும் ஒரே நேரத்தில் கிளம்பும் வலிப்பு என்றே அதுவரை நாங்கள் அந்தப் பதிவைப் படித்திருந்தோம். நோட்டைப் பார்த்த பிறகு இடப்பக்க மின்முனைகளை மட்டும் தனியே எடுத்து, நொடி நொடியாக மறுபடி பார்த்தேன். அங்கே ஒரு சிறிய கூர்மையான வலிப்பு அலை, மற்ற இடங்களுக்கு முன்பாகவே எழுந்திருந்தது. வலிப்பின் வகை மாறினால் மருந்தும் மாறும், மருத்துவர் மாற்றினார். வலிப்பைத் தானே கண்டறியும் கணினி நிரல்தான் என் ஆய்வு. எது வலிப்பு, எது வெறும் அசைவு என்று அதற்கு யாராவது சொல்லித்தர வேண்டும். உங்கள் நோட்டும் உங்களைப் போன்ற மற்றவர்களின் நோட்டுகளும்தான் சொல்லித்தந்தன.

வலிப்பு வரும் நேரத்தைப் படம்பிடிக்க, மின்முனைகளோடு இரண்டு இரவுகள் கேமராவுக்கு முன் படுத்திருந்த தங்கையையும் மறக்க மாட்டேன். வலிப்பு இருப்பதாகத் தெரிந்து நிச்சயித்த திருமணத்தை நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னாய். வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்த சட்டமே 1999-ல் திருத்தப்பட்டுவிட்டது. மனிதர்கள் இன்னும் திருந்தவில்லை என்பதில் எனக்கு அடங்காத கோபம். அந்த வருத்தத்தோடும் நீ வந்து படுத்தாய்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்தபோது, கணினிகளையும் ஹார்டு டிஸ்க்குகளையும் இருட்டில் மாடிக்குச் சுமந்தவர் காவலாளி அண்ணன். யாரும் அவரிடம் சொல்லவில்லை. நோயாளிகளின் மூளை இதற்குள் இருக்கிறது என்று நான் எப்போதோ சொன்னதை நினைவில் வைத்திருந்தார். அண்ணா, அந்த இரவு நீங்கள் இல்லையென்றால் இந்த ஆய்வு இல்லை.

ஆய்வேட்டின் சுருக்கத்தைத் தமிழில் எழுதி, புறநோயாளிகள் பிரிவில் வைத்திருக்கிறேன். பதிவு தந்தவர்கள் யாராக இருந்தாலும் வியாழக்கிழமை மாலை இ.இ.ஜி. அறைக்கு வாருங்கள். உங்கள் அலையைத் திரையில் போட்டு, எது உறக்கம், எது விழிப்பு, எங்கே வலிப்பு தொடங்குகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டுகிறேன். திருவள்ளூர் அம்மா, வரும்போது புது நோட்டையும் கொண்டுவாருங்கள். மார்ச்சுக்குப் பிறகு அதில் ஒன்றும் எழுத வேண்டியிருக்கவில்லை என்றீர்களே, அந்த வெற்றுப் பக்கங்களை நான் பார்க்க வேண்டும்.

நன்றியுடன்,
உங்கள் ஆய்வாளர்
சென்னை