வைட்டாஃபோன் ப்ளூ-ரே தொகுப்பில் உள்ள குறைகள்: மாற்றித் தரக் கோரி

ஐயா,

படத்தோடு இசைத்தட்டைச் சுழற்றி ஒலி தந்த பழைய வைட்டாஃபோன் முறையில் எடுத்த குறும்படங்களின் தொகுப்பைத் தங்கள் நிறுவனத்திடமிருந்து எங்கள் திரைப்படச் சங்கத்துக்காக வாங்கினோம். பேசும்படத்தை அன்றைய ரசிகர்கள் வரவேற்ற விதத்தை உணரலாம் என்கிறது அட்டை. அன்று அவர்கள் ஊளையிட்டு விரட்டிய கோளாறுதான் வட்டில் இருக்கிறது.

ஓபரா பாடகர் ஜியோவான்னி மார்ட்டினெல்லி பாடும் படம் முதலில் சரியாகவே ஓடுகிறது. அறுந்த ஃபிலிமை இணைத்த முதல் ஒட்டு கடந்ததும் குரல் கால் நொடி பிந்துகிறது, அடுத்த ஒட்டில் அரை நொடி. பாடகர் வாயை மூடிய பிறகும் பாட்டு கேட்கிறது. சிறுகச் சிறுகப் பிந்தினால் வேகக் கோளாறு எனலாம். ஒட்டுக்கு ஒட்டு தாவுவதால், அறுந்த இடத்தில் ஃபிரேம்கள் போயிருக்கின்றன. ஒலி தனியே 16 அங்குல இசைத்தட்டில் இருந்ததால், ஃபிலிம் அறுந்தால் போன ஃபிரேம்களை எண்ணி அத்தனைக்கும் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவார் ஆபரேட்டர். அரை நொடிக்கு 12 ஃபிரேம். அவர் கத்திரியும் பசையும் வைத்துச் செய்ததைத் தாங்கள் கணினியில் செய்யவில்லை.

நொடிக்கு 24 ஃபிரேம் ஓட வேண்டிய படம் 25-இல் ஓடுகிறது. 10 நிமிட ரீல் 9 நிமிடம் 36 நொடியில் முடிந்துவிடுகிறது. சுருதி 4 சதவீதம் ஏறி, குரல் கீச்சிடுகிறது. படத்தின் இடது ஓரமும் வெட்டுப்பட்டிருக்கிறது. ஃபிலிமின் இடது ஓரத்திலேயே ஒலி பதிந்த படங்களுக்கான படச்சட்டத்தில் வைத்துப் பிரதியெடுத்தால் அப்படித்தான் ஆகும்.

கையேடு இன்னும் மோசம். 1926 ஆகஸ்ட் 6 அன்று, மார்ட்டினெல்லி படமும் இடம்பெற்ற வைட்டாஃபோனின் முதல் காட்சியில், நியூயார்க் ரசிகர்கள் 'முதன்முதலாக' ஒலியோடு படம் பார்த்தார்களாம். அதே ஊரில் 1913-லேயே எடிசனின் பேசும்பட முறையான கினெட்டோஃபோன் வந்துவிட்டது. புரொஜெக்டர் அரங்கின் பின்னால், ஒலி தரும் ஃபோனோகிராஃப் திரையருகே, இரண்டையும் இணைக்க நீண்ட கயிறு. ஆபரேட்டர் கொஞ்சம் அசந்தாலும் குரல் ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம். முதலில் கைதட்டியவர்களே போகப்போகக் கூச்சலிட்டார்கள். 1923-இல் ரிவோலி தியேட்டரில் கண்டுபிடிப்பாளர் லீ டி ஃபாரஸ்ட் காட்டிய, ஃபிலிமிலேயே ஒலி பதிந்த ஃபோனோஃபிலிமும் கையேட்டில் இல்லை. ஏற்கெனவே ஏமாந்த ஊர் என்பதால்தான் மார்ட்டினெல்லிக்குக் கிடைத்த வரவேற்புக்கு மதிப்பு. ஒரே மோட்டாரில் புரொஜெக்டரும் இசைத்தட்டும் சுழன்றதால் வந்த வெற்றி அது. கையேடு இதையும் சொல்லவில்லை.

24 ஃபிரேம் வேகத்தில், ஒட்டுகள் சரிசெய்த, ஓரம் வெட்டுப்படாத பிரதியைத் திருத்திய கையேட்டுடன் 30 நாட்களுக்குள் அனுப்புங்கள். இயலாதெனில் முழுத்தொகையையும் திருப்பித் தாருங்கள். வட்டைத் திருப்பி அனுப்பும் தபால் செலவும் தங்களுடையதே.

இப்படிக்கு,
செயலாளர்