அக்காவுக்கு, 'ஆர்கோ' பார்த்த இரவில்

அன்புள்ள அக்கா,

இதை நீங்களாகப் படிக்க மாட்டீர்கள், மகள்தான் படித்துக் காட்டுவாள் என்று தெரியும். நாளையோடு நான் வீடு குடிபூந்து ஏழு வருடம். எதைச் சொல்ல வருகிறேன் என்று இப்போதே விளங்கியிருக்கும்.

நேற்று ஒருவழியாக 'ஆர்கோ' பார்த்தேன். 2012இல் அது தியேட்டரில் ஓடியபோது நாம் இன்னும் பேசிக்கொண்டிருந்தோம். அத்தான் கூப்பிட்டும் நான் வரவில்லை.

தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தை மாணவர்கள் பிடித்தபோது தப்பிய ஆறு பேரை, சினிமாக்காரர் என்று வேஷம் கட்டி ஒரு சிஐஏ ஆள் விமானமேற்றுகிறார். ஓடுபாதையில் துப்பாக்கியோடு துரத்துகிறார்கள். எனக்குக் கை வியர்த்துவிட்டது. பிறகு தேடி வாசித்தால், அப்படி ஒரு துரத்தலே நடக்கவில்லை. விமானத்தில் ஏதோ பழுது, கொஞ்சம் சுணங்கிக் கிளம்பியிருக்கிறது. அவ்வளவுதான்.

சரி, படமென்றால் அப்படித்தான். நித்திரை போனது வேறு ஒன்றால். படத்தில் ஆறு பேரும் கனடியத் தூதர் கென் டெய்லர் வீட்டில் இருக்கிறார்கள். உண்மையில் ஆறில் நாலு பேரை வைத்திருந்தது ஜோன் ஷியர்டவுன் என்ற இன்னொரு தூதரக அதிகாரி. தொலைபேசியில் இடம் கேட்டபோது, ஏன் முதலே எடுக்கவில்லை என்றுதான் அவர் கேட்டாராம். 1979 நவம்பரிலிருந்து ஜனவரிக் கடைசி வரை, 79 நாள். ஆள் கூடியது தெரியக்கூடாதென்று சாமானை வேறு வேறு கடைகளில் வாங்கியிருக்கிறார்கள். படத்தில் அவரும் இல்லை, அவர் மனைவி ஸீனாவும் இல்லை. அதற்கு ஒஸ்கார் வேறு.

அந்த இடத்தில்தான் உங்கள் பிரிட்ஜ் ஞாபகம் வந்தது.

வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் படியிறங்கி வந்த அன்று. (எந்தத் தெரு, எந்த வருடம் என்று எழுதமாட்டேன். யார் யார் படிக்கிறார்களோ.) வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் இருந்த அறைக்குள் என்னைத் தள்ளினீர்கள். வாசலில் கிடந்த என் பனிச் சப்பாத்தை, ஈரத்தோடு, மரக்கறித் தட்டில் லீக்ஸுக்கு மேலே வைத்து பிரிட்ஜை மூடினீர்கள். மேசையில் இரண்டு கோப்பை தேத்தண்ணி. ஒன்றைச் சுடச்சுட ஒரே மடக்கில் குடித்துக் கவிழ்த்தீர்கள். கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மனுஷன் இருபது நிமிடம் குழாயைத் திருகித் திருகிப் பார்த்தார். நீங்கள் சிரித்துச் சிரித்துக் கதைத்தீர்கள். பிறகு இரண்டு நாள் நாக்கு வெந்து, சோற்றில் தயிரை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டீர்கள்.

குடிபூரலில் மைக்கைப் பிடித்து, என்னைக் காப்பாற்றியவர் என்று வக்கீலுக்கு நன்றி சொன்னேன். நீங்கள் வடைத் தட்டோடு நின்றீர்கள். மறந்துபோனேன் என்று இவ்வளவு நாளும் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். மறக்கவில்லை. ஃபர்னஸுக்குப் பக்கத்தில் பதினொரு மாதம் படுத்தெழும்பியதை, புது வீட்டில், மனைவி வீட்டார் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. வக்கீல் கதை எடுப்பாக இருந்தது. சபையில் விட்ட பிழை என்பதால் இங்கே நாலு பேர் பார்க்க எழுதுகிறேன்.

ஆனால் அக்கா, நான் எத்தனை இடியப்பம் சாப்பிடுகிறேன் என்று அம்மாவுக்கு ரெலிபோனில் எண்ணிச் சொன்னது யார்? காசு அனுப்பவா தம்பி என்று அன்றிரவு அம்மா என்னைக் கேட்டார். அந்த நிலைமையில் இருந்த அம்மா! அதை நான் இன்னும் விழுங்கவில்லை. ஷியர்டவுன் வீட்டில் யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். எண்ணியும் இருக்கலாம், யார் கண்டது.

அத்தான் சம்பந்தப்பட்ட மற்ற விஷயம் இங்கே வேண்டாம்.

சனிக்கிழமை காலை எடுக்கிறேன். ஏன் முதலே எடுக்கவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள். அத்தான் எடுத்தால் வைத்துவிடுவேன்.

தம்பி