படிக்க வேண்டாம் என்று வேதம் எங்கே சொல்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பரீட்சை நெருங்கினால் மட்டக்களப்பில் பிள்ளைகள் பரீட்சை எழுதுகிற பேனாவுக்கு ஜெபிக்கிற கூட்டங்களும் தொடங்கிவிடும். அதில் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. பிள்ளைகள் பயந்துபோய் இருக்கிற நேரம், தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்புவது நல்லதுதான். ஆனால் அந்தக் கூட்டங்களில் இப்போது அடிக்கடி ஒரு பேச்சு கேட்கிறது. படிப்பெல்லாம் உலக ஞானம், நமக்கு மேலிருந்து வருகிற ஞானம் போதும், பேதுரு எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தார் என்கிறார்கள். இதைக் கேட்டுவிட்டு வந்த ஒரு பொடியன் என் ஞாயிறு பாடசாலை வகுப்பில், "ரியூசனை விட்டிட்டன் ரீச்சர், கர்த்தர் ஞானம் தருவார்" என்றான். வீட்டில் தாய் அழுதுகொண்டிருக்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பேதுருவும் யோவானும் படிப்பறியாதவர்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 4ஆம் அதிகாரத்தில் இருக்கிறது, சரி. அதே வசனத்தை முடிவுவரை வாசியுங்கள். அவர்கள் இயேசுவோடு கூட இருந்தவர்கள் என்று ஆலோசனைச் சங்கத்தார் அறிந்துகொண்டார்கள் என்றுதான் அது முடிகிறது. படகையும் வலையையும் விட்டுவிட்டு அவர் பின்னால் நடந்து, உவமை விளங்காமல் பிறகு தனியே போய்க் கேட்டு, கடிந்துகொள்ளப்பட்டு, திரும்பவும் கேட்டு, இரவும் பகலும் ஒரு போதகரின் பக்கத்திலேயே இருந்தவர்கள் அவர்கள். சான்றிதழ் கிடைக்கவில்லை என்பதற்காக அது படிப்பில்லை என்று ஆகிவிடுமா?

தானியேலைப் பாருங்கள். சொப்பனங்களுக்கு அர்த்தம் சொல்லும் வரம் பெற்றவர். அவரும் பாபிலோனில் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் மூன்று வருடம் கற்க வேண்டியிருந்தது. பின்னாளில் எருசலேம் எழுபது வருடம் பாழாய்க் கிடக்கும் என்பதை அவர் தரிசனத்தில் அறியவில்லை, எரேமியாவின் புத்தகத்தை வாசித்துத்தான் அறிந்துகொண்டார் (9ஆம் அதிகாரம்). பவுல் இன்னும் ஒரு படி மேலே. மூன்றாம் வானம்வரை எடுக்கப்பட்டதைப் பற்றி எழுதியவர், கமாலியேல் என்ற யூத வேதபோதகரின் பாதத்தருகே வளர்ந்தவர், மரணத்தை எதிர்பார்த்துச் சிறையில் இருக்கும்போது தீமோத்தேயுவிடம் கேட்டது என்ன? துரோவா பட்டணத்தில் விட்டுவந்த மேலங்கி, புத்தகங்கள், விசேஷமாகத் தோற்சுருள்கள். குளிர்காலம் வருவதற்குள் வா என்றும் எழுதுகிறார். ஆவியானவர் இருக்கப் புத்தகம் எதற்கு என்று அவர் நினைக்கவில்லை.

அந்தப் பவுல்தானே உலக ஞானத்தைப் பைத்தியம் என்றார் என்று கேட்பார்கள். யாருக்கு எழுதினார் என்று பார்க்க வேண்டும். நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று பேச்சாளர்களை வைத்துப் பிரிந்து நின்ற கொரிந்து சபைக்கு எழுதினார். அவர் உடைத்தது அவர்களுடைய பெருமையை. அந்தப் பெருமை படித்தவருக்கும் வரும், படிக்காதவருக்கும் வரும், "எனக்கு நேரடியாக வெளிப்பட்டது" என்று சொல்லி யாருடைய கேள்விக்கும் பதில் சொல்ல மறுக்கிறவருக்கு இன்னும் அதிகமாகவே வரும். படிப்பை இப்படி இகழ்கிறவர்களில் சிலரே எங்கும் படிக்காமல் கிடைத்த கலாநிதிப் பட்டத்தைத் தங்கள் போஸ்டர்களில் போட்டுக்கொள்வதைக் காணும்போது மனம் வேதனைப்படுகிறது.

நம் கையிலுள்ள தமிழ் வேதாகமம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுத்து எழுதிப் பழகினார். அப்புறம்தான் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில் வந்தது. கிரேக்கமும் எபிரேயமும் தமிழும் கண்விழித்துக் கற்ற மனிதர்கள் இல்லாவிட்டால் இன்று மேடையில் தூக்கிக் காட்ட ஒரு புத்தகம் இருக்காது. நம்முடைய ஊரையே எடுங்கள். 1814இல் இங்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் ஐயர் அடுத்த வருடமே இறந்துபோனார். அந்தக் கொஞ்சக் காலத்துக்குள் அவர் செய்த முக்கியமான வேலை பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியது. மெதடிஸ்த மத்திய கல்லூரி அங்கிருந்துதான் வருகிறது. சுவிசேஷமும் சிலேட்டும் ஒன்றாக வந்த ஊர் இது.

அப்படியானால் மேலிருந்து வருகிற ஞானம் என்று ஒன்று இல்லையா? இருக்கிறது, நான் கண்டிருக்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு கல்லடி, நாவலடிப் பக்கத்துச் சனங்கள் பாடசாலைகளில் தங்கியிருந்தபோது, இது பாவத்துக்கு வந்த தண்டனை என்று பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடமே வந்து சொன்ன ஊழியர்கள் இருந்தார்கள். எங்கள் சபையில் எழுத வாசிக்கத் தெரியாத ஒரு ஆச்சி இருந்தார். அவர் வந்து ஒரு தாயின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். ஒன்றும் பேசவில்லை. தேத்தண்ணியை ஆற்றிக் கொடுத்தார், அந்தப் பிள்ளையின் சலங்கை போட்ட கொலுசு ஒன்று தாயின் கையில் இருந்தது, அதை வாங்கி மண் போகக் கழுவித் திரும்பக் கொடுத்தார். ஒரு ஊழியர் வசனம் சொல்ல வாயெடுத்தபோது, "தம்பி, யோபுவிட கூட்டாளிமார் ஏழு நாள் பேசாம இருந்தவங்க, நீங்க ஒரு நாளாவது இருங்க" என்றார். வேதத்தை எவ்வளவு ஆழமாக அறிந்திருந்தால் அந்த இடத்தில் அந்தச் சொல் வரும்! பேத்தி ஒவ்வொரு இரவும் வாசிக்க வாசிக்கக் கேட்டு மனதில் பதித்தது அது. அந்த வீட்டில் வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை இருந்ததையும் நாம் மறக்கக்கூடாது.

ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடம் கேட்கட்டும் என்று பேனா ஜெபத்தில் எல்லோரும் சொல்கிற யாக்கோபு 1:5 பேசுவதும் இந்த ஞானத்தைப் பற்றித்தான். அதற்கு முந்திய வசனங்கள் சோதனையையும் பொறுமையையும் பற்றியவை. 3ஆம் அதிகாரத்தில் அந்த ஞானம் சுத்தம், சமாதானம், சாந்தம், இரக்கம் என்று விவரமாகவே இருக்கிறது. வாசிக்காத பாடத்துக்கு விடை வரும் என்று எங்கும் இல்லை.

இறையியல் படித்த குருமாருக்கும் ஒரு வார்த்தை. அப்பொல்லோ கல்விமான், வேதாகமங்களில் வல்லவர். கூடாரம் தைத்துப் பிழைத்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் அவரைச் சேர்த்துக்கொண்டு விளக்கியபோது அவர் கேட்டுக்கொண்டார். நம் சபைகளில் மீன்பிடிக்கிறவரும் வயல் செய்கிறவரும் வேதத்தைப் பற்றிப் பேசினால் அப்படிக் கேட்கிறோமா?

சபைத் தலைவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. வாரத்தில் ஒரு மாலை, பிரசங்கமாக இல்லாமல், யாரும் கேள்வி கேட்கக்கூடிய வேத வகுப்பு ஒன்றை நடத்துங்கள். பேனாவுக்கு ஜெபிக்கிற அன்று ஆறு மணிக்குத் தொடங்கிக் கூட்டத்தை ஏழு மணிக்கு முடியுங்கள், பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
ஞாயிறு பாடசாலை ஆசிரியை ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.