மூன்று இரவுக் கப்பல்: செல்விக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்தது. பையன் ஆறாம் வகுப்புக்குப் போகிறான் என்றால் நமக்கும் வயதாகிறது என்றுதான் அர்த்தம்! மே மாதம் நீ, உன் வீட்டுக்காரர் அண்ணன், பையன், அத்தை நான்கு பேரும் சிங்கப்பூரிலிருந்து உல்லாசக் கப்பலில் போக நினைப்பதையும், அதை முதலில் கேட்டது அத்தைதான் என்பதையும் படித்ததும் சிரிப்பு வந்தது. முழங்கால் வலியோடு அவர் வருவதால், அவருக்குத் தோதாகவே எல்லாவற்றையும் யோசித்து எழுதுகிறேன்.

விளம்பரத்தில் "4 நாள் 3 இரவு" என்று போட்டிருப்பார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. முதல் நாள் மதியத்துக்கு மேல் ஏறுவீர்கள், மாலை நாலைந்து மணிக்குக் கப்பல் கிளம்பும். நான்காம் நாள் விடிவதற்குள் சிங்கப்பூர் திரும்பிவிடும், எட்டு ஒன்பது மணிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். மிஞ்சுவது இரண்டே முழு நாள், அதிலும் ஒன்றைத் துறைமுகம் தின்றுவிடும். அதனால் "ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று எதையும் தள்ளிப்போடாதே. அறை, சாப்பாடு, நிகழ்ச்சி, இறங்கும் ஊர் எல்லாம் மதுரையிலேயே முடிவாகிவிட வேண்டும்.

நான்கு இரவுப் பயணங்கள் பெரும்பாலும் தாய்லாந்தின் புக்கெட் வரை போகும். அங்கே பெரிய கப்பல்கள் பல நேரம் கரையோரம் நிற்காது. நங்கூரம் போட்டு, சின்னப் படகில் ஏற்றிப் பத்தோங் கடற்கரைக்கு அனுப்புவார்கள். அதற்கு டெண்டர் என்று பெயர். அலையில் படகு ஏறி இறங்கும்போது ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே என்று தாண்ட வேண்டியிருக்கும். அத்தைக்கு அது வேண்டாம். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிடுவதால் அந்தப் பக்கக் கடலும் கொஞ்சம் ஆட்டும். மூன்று இரவுக் கப்பல்கள் போகும் மலாக்கா நீரிணை அப்படியில்லை. சுமத்ரா தீவு மறைத்து நிற்பதால் பொதுவாக அமைதியாக இருக்கும். விடியற்காலையில் சில நாள் திடீர்க் காற்றும் மழையும் அடித்து ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.

ஆக, மூன்று இரவு போதும். இறங்கும் ஊர் மலேசியாவின் போர்ட் கிள்ளானா பினாங்கா என்பதுதான் கேள்வி. போர்ட் கிள்ளான் என்றால் கோலாலம்பூர் என்று எழுதியிருப்பார்கள், ஆனால் துறைமுகத்திலிருந்து நகரத்துக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல். நெரிசலில் ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரம் ஆகலாம். பத்துமலைக்குப் போக வேண்டும் என்று அண்ணன் சொல்வார். 140 அடி முருகன் சிலையைக் கீழே நின்று கும்பிடலாம், குகைக்குப் போக 272 படி ஏற வேண்டும். போக வர மூன்று மணி நேரம் வண்டியில் கழித்துவிட்டு அத்தையைப் படியடியில் உட்கார வைப்பதைவிடப் பினாங்கு மேல். அங்கே கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனை ஒட்டியே இருக்கிறது. லிட்டில் இந்தியாவும் குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயிலும் நடக்கிற தூரம்தான், சைக்கிள் ரிக்ஷா மாதிரி டிரைஷாவும் கிடைக்கும். சிங்கப்பூரிலிருந்து கிட்டத்தட்ட நானூறு கடல் மைல் என்பதால் மறுநாள் மதியவாக்கில்தான் கப்பல் போய்ச் சேரும். நடை திறக்கும் மாலை நேரத்துக்கு அது சரியாகவே அமையும்.

அடுத்தது காகிதங்கள். அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். சிங்கப்பூரிலிருந்து கிளம்பி, மலேசியா போய், திரும்பச் சிங்கப்பூருக்குள் வருகிறீர்கள். அதாவது இரண்டு முறை நுழைவு. சிங்கப்பூர் வீசாவில் மல்டிபிள் என்ட்ரி என்று இருக்கிறதா என்று நான்கு பேருக்கும் தனித்தனியாகப் பார். சிங்கிள் என்று இருந்தால் கப்பலில் ஏற்ற மாட்டார்கள், கட்டிய பணமும் திரும்பாது. மலேசியா இந்தியர்களுக்கு வீசா விலக்கு தந்திருக்கிறது, ஆனால் அது கெடு வைத்து நீட்டிக்கப்படும் சலுகை. பணம் கட்டுவதற்கு முன் அன்றைய நிலையைப் பார்த்துவிடு. "நாங்கள் இறங்கவே மாட்டோம்" என்று சொன்னாலும் கப்பல் தொடும் நாட்டின் ஆவணம் இருந்தே ஆக வேண்டும். பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும். எஸ்ஜி அரைவல் கார்டு என்ற மின்படிவத்தை விமானத்தில் வரும்போது ஒரு முறை, கப்பலில் திரும்பும்போது மறுபடி ஒரு முறை, வந்து சேருவதற்கு மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் இணையதளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடு.

அறை விஷயத்தில் நீ சொன்ன "நான்கு பேருக்கும் ஒரே பால்கனி கேபின்" எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அவர்களுக்குப் படுக்கை சோபாவிலோ, மேலிருந்து இறக்கும் பரணிலோதான். குளியலறை ஒன்று, அதிலும் இரண்டு பேர் நிற்க முடியாது. எதிரெதிரே இரண்டு கேபின் எடு. அத்தையும் பையனும் ஒன்றில், நீங்கள் இருவரும் ஒன்றில். பணம் இடித்தால் அத்தைக்கு மட்டும் பால்கனி, உங்களுக்கு ஜன்னல் இல்லாத உள்அறை. கடலைப் பார்த்து மணிக்கணக்கில் உட்காரப்போவது அவர்தான், நீங்கள் அறைக்கு வருவதே தூங்கத்தான். பையன் தனியாக இருக்கும்போது மட்டும் பால்கனிக் கதவின் மேல் தாழ்ப்பாளைப் போட்டு வை. ஆட்டம் குறைவாக இருக்க, கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளமாகக் கேள். முன்முனையும் பின்முனையும்தான் ஏறி இறங்கும். தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும் கேபின்களே இருக்கும் தளமாகப் பார்த்து எடு. நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே எடுத்தால் விடியும் முன்பே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும். "கேரண்டி கேபின்" என்று மலிவாக ஒன்று வரும். எந்த அறை என்பதை அவர்கள்தான் தீர்மானிப்பார்கள். இரண்டு கேபினும் பக்கத்தில் வேண்டும் என்பதால் உனக்கு அது ஒத்துவராது. லிஃப்ட்டுக்கு அருகே கேள், ஆனால் அதை ஒட்டியே வேண்டாம். சக்கர நாற்காலி உதவியைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடு. அது ஏறவும் இறங்கவும் மட்டும்தான், கப்பலுக்குள் வேண்டுமென்றால் சொந்தமாகக் கொண்டுவரவேண்டும் அல்லது வாடகைக்கு எடுக்கவேண்டும்.

விலையைப் பார்க்கும்போது நான்கு எண்களைக் கூட்டு: கட்டணம், துறைமுக வரி, டிப்ஸ், கப்பலில் செய்யும் செலவு. டிப்ஸ் தலைக்கு ஒரு இரவுக்கு 15 முதல் 20 அமெரிக்க டாலர் வரை தானாகவே கணக்கில் ஏறும், சின்னப் பிள்ளைக்கும் உண்டு. 18 டாலர் என்று வைத்தாலும் நான்கு பேருக்கு மூன்று இரவுக்கு 216 டாலர். சாப்பாடு கட்டணத்துக்குள் அடக்கம். பஃபேயில் தண்ணீர், டீ, காபி இலவசம். பாட்டில் தண்ணீர், குளிர்பானம், மது, இணையம், மசாஜ், சிறப்பு உணவகம் எல்லாம் தனிக் காசு. மது பேக்கேஜ் பக்கம் அண்ணனைப் போக விடாதே. பல கப்பல்களில் ஒரே அறையில் உள்ள பெரியவர்கள் எல்லாரும் வாங்கியாக வேண்டும், எல்லா இரவுக்கும் சேர்த்தே வாங்க வேண்டும். கப்பலில் செய்யும் செலவுக் கணக்குக்கு டெபிட் கார்டு கொடுக்காதே. அவர்கள் முன்கூட்டியே ஒரு தொகையைப் பிடித்துவைப்பார்கள், அது வங்கிக்குத் திரும்ப நாள் பிடிக்கும். கிரெடிட் கார்டுதான் சரி.

சாப்பாட்டைப் பற்றிப் பயப்படாதே. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்களில் இந்தியச் சைவம் இருக்கும், ஆனால் வட இந்திய ருசி. வெங்காயம் பூண்டு இல்லாமல் வேண்டுமென்றால் சில வாரம் முன்பே எழுத்தில் கேட்டுவை. முதல் இரவு பெரிய சாப்பாட்டு அறையில் பரிமாறுகிறவரிடம் மறுநாளைக்கு என்ன வேண்டும் என்று சொன்னால் தனியாகச் செய்தும் தருவார்கள். புளியோதரை கட்டிக்கொண்டு வராதே, வீட்டில் சமைத்ததை ஏற்ற விடமாட்டார்கள். கடையில் சீல் வைத்த ஊறுகாய், பொடி, முறுக்கு பரவாயில்லை. கெட்டில், இஸ்திரிப் பெட்டி, மெழுகுவர்த்தி, கற்பூரம், ஊதுபத்தி கூடாது. தீ விஷயத்தில் கப்பல்காரர்கள் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அத்தை விளக்கேற்ற வேண்டும் என்றால் பேட்டரி விளக்குதான்.

குமட்டலுக்கு அவோமின் மாதிரி மாத்திரை எடுப்பதாக இருந்தால், வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை. கப்பல் கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மணி முன்பே போட வேண்டும். தூக்கம் வரும். அத்தை எடுக்கும் மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்று அவருடைய டாக்டரிடம் கேட்டுவிடு. தூக்க மாத்திரையோ கோடீன் கலந்த இருமல் மருந்தோ பையில் இருந்தால் சிங்கப்பூருக்குள் கொண்டுவர முன்அனுமதி தேவைப்படலாம். கப்பலில் டாக்டர் உண்டு, பில் டாலரில் வரும். பயணக் காப்பீடு எடுக்கும்போது கப்பல் பயணமும் கடலிலிருந்து மருத்துவமனைக்கு மாற்றும் செலவும் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பார். சாப்பிடப் போகும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கப்பலில் பரவும் நோரோவைரசுக்கு வாசலில் வைத்திருக்கும் ஜெல் சரியாக வேலை செய்யாது.

கப்பல் கிளம்பும் அன்றைக்கே விமானத்தில் வந்து இறங்காதே. கப்பல் காத்திருக்காது. முந்தின நாள் வந்து தங்கு. செக்-இன் இணையத்தில் முன்பே செய்து, வரும் நேரத்தைக் குறித்துக்கொள். அச்செடுத்த லக்கேஜ் சீட்டைப் பெட்டியில் கட்டிக் கொடுத்துவிட்டால், பெட்டி மாலையில்தான் கேபினுக்கு வரும். அதனால் பாஸ்போர்ட், மருந்து, பையனின் நீச்சல் உடை, அத்தைக்கு ஒரு சால்வை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். உள்ளே ஏசி கடுமையாக இருக்கும். ஏறியதும் முதல் வேலை நிகழ்ச்சிகளுக்கு இடம் பதிவு செய்வது. பிறகு மஸ்டர் எனப்படும் பாதுகாப்புப் பயிற்சி. யாரும் தப்ப முடியாது. 2012-இல் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா என்ற உல்லாசக் கப்பல் கவிழ்ந்தபோது, அன்று ஏறிய பலர் அந்தப் பயிற்சியே எடுத்திருக்கவில்லை. அதன் பிறகு கப்பல் கிளம்புவதற்கு முன்போ, கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று சட்டமாகிவிட்டது. ஏழு சின்ன ஊதல், ஒரு நீண்ட ஊதல் கேட்டால் கேபின் அட்டையில் எழுதியிருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். பையனுக்கும் அதைச் சொல்லிக்கொடு.

கப்பல் நகர்ந்ததும் நான்கு போனையும் ஏர்பிளேன் மோடில் போடு. கப்பலுக்கென்று தனி செல் சேவை உண்டு. போன் தானாக அதைப் பிடித்துக்கொண்டால், நீ வாங்கிய ரோமிங் பேக்கில் அது சேராது, பில் ஆயிரக்கணக்கில் வரும். பினாங்கும் சிங்கப்பூரும் ஒரே நேரம்தான். என்றாவது புக்கெட் போனால் அங்கே ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும். ஊர் நேரத்தைக் காட்டும் போனை நம்பி வந்தால் கப்பலைத் துறையில் தேட வேண்டியதுதான். திரும்ப ஏறும் கெடு எப்போதும் கப்பல் நேரத்தில்தான் சொல்வார்கள். தானாக ஊர் சுற்றுகிறவர்களுக்காகக் கப்பல் நிற்காது. கப்பல்காரர்களிடமே வாங்கிய சுற்றுலா தாமதமானால் மட்டும் காத்திருக்கும். வானிலை சரியில்லை என்றால் கேப்டன் பினாங்கையே விட்டுவிட்டும் போகலாம். அப்போது துறைமுக வரி மட்டும் திரும்பக் கிடைக்கும்.

கடைசி இரவு பெட்டியைக் கேபினுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் போடும் துணியையும் செருப்பையும் சேர்த்துக் கட்டிவிட்டு இரவு உடையோடு இறங்கியவர்கள் நிறையப் பேர். அன்றிரவே கணக்கைப் படித்துப் பார்த்துவிடு, காலையில் கவுண்டரில் வரிசை நீளமாக இருக்கும். மதியம் இரண்டு மணிக்கு முன் விமானம் போடாதே.

வீசாவுக்குக் கொடுக்கும் முன் அத்தையின் பாஸ்போர்ட் முடியும் தேதியைப் பார்த்து எழுது. புதுப்பிக்க வேண்டியிருந்தால் மே மாதத்துக்குள் கைக்கு வருமா என்று பார்த்துவிட்டுத்தான் கப்பலுக்குப் பணம் கட்ட வேண்டும். அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
வசந்தி