காலண்டர் தாளில் வந்த சேதி

கொடைக்கானல் நகராட்சி ஊழியர்களுக்கும், அட்டுவம்பட்டிப் பல்கலைக்கழகத்துத் தங்கச்சிகளுக்கும் வணக்கம்.

நேற்று சாயங்காலம்தான் வீடு வந்து சேர்ந்தேன். கொடியில் போட்ட துணி இன்னும் காயவில்லை. இதை எழுதிவிட்டுத்தான் மற்ற வேலை என்று உட்கார்ந்திருக்கிறேன். மழையில் மரம் விழுந்து மலைப்பாதை அடைபட்டுக் கிடந்த அந்த ஆறு நாளைப் பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மலையில் இருந்தவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் கீழே வத்தலக்குண்டில் மாட்டிக்கொண்டு, பெருமாள்மலை வரைக்காவது பஸ் விடுவார்களா என்று பஸ் ஸ்டாண்டிலேயே கிடந்தவன். மேலே நாயுடுபுரத்தில் அம்மா தனியாக இருந்தார். வயது 79. காது மிஷின் இல்லாமல் கேட்காது.

செல்போன் எதுவும் கிடைக்கவில்லை. இரண்டாம் நாள் காலையில் நகராட்சி அலுவலகத்துக்குப் போட்டுப் பார்த்தேன். எடுத்தார்கள்! எடுத்த அண்ணன் அவசரப்படுத்தாமல் கேட்டார். தெரு, வீட்டு அடையாளம், அம்மாவின் மாத்திரை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "பிள்ளைங்க அந்தப் பக்கம்தான் போறாங்க, சொல்லிடறோம்" என்றார். அன்றைக்கு அப்படி எத்தனை பேர் கூப்பிட்டிருப்பார்கள்! அவ்வளவு துண்டுச் சீட்டும் வார்டு வாரியாகப் பிரித்து, மாணவிகள் கையில் வீடு வீடாகப் போயிருக்கிறது.

எங்கள் வீட்டுச் சீட்டோடு வந்தது முதுகலை முதலாண்டு படிக்கும் ஒரு தங்கச்சி. கம்பம் பக்கத்துப் பெண். இந்தக் குளிரே அவளுக்குப் புதுசு. கூட வந்தவர் தினமும் எங்கள் தெருவில் குப்பை வாங்கும் தூய்மைப் பணியாளர் அக்கா. எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள், எந்தக் கதவைத் தட்டினால் உள்ளே கேட்காது என்பதெல்லாம் அக்காவுக்குத்தான் தெரியும். நேராகப் பின்பக்கம் போய், சமையலறை ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி அம்மாவை வரவழைத்தாராம்.

சேதியைத் தங்கச்சி கத்திச் சொல்லியும் அம்மாவுக்கு விளங்கவில்லை. மிஷினில் பேட்டரி தீர்ந்திருந்தது. சைகையில் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அம்மா அதைத் தப்பாக எடுத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது காலண்டர். கிழித்த தாளை அம்மா எறிய மாட்டார், பால் கணக்கு எழுத ஆணியில் குத்தி வைத்திருப்பார். அதில் ஒன்றை உருவி, வெறும் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: "மகன் நலம். வத்தலக்குண்டு."

அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்து பழகியவர். கலெக்டர் அலுவலகம் முன்னின்று நடத்தியது. சம்பளம் வாங்காத இளசுகள் ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். ஊர்ப் பெண்கள் சைக்கிள் பழகியதும் அந்தக் காலத்தில்தான். அம்மா சைக்கிள் பக்கம் போகவில்லை, எழுத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார். இன்றைக்கும் கூட்டிக் கூட்டித்தான் படிப்பார். அவர் கூட்டி முடிக்கும்வரை அந்தப் பெண் ஒவ்வொரு எழுத்தின் கீழும் விரலை நகர்த்திக்கொண்டே நின்றாளாம். இதைச் சொல்லும்போது அம்மா தன் விரலை மேசையில் நகர்த்திக் காட்டினார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அதற்கப்புறம் தினமும் நாலு மணிக்கு ஒரு தாள். "மாத்திரை நாளை வரும்." "ரோட்டில் மரம் அறுக்கிறார்கள்." "மகன் சாப்பிட்டாச்சு." இந்தக் கடைசிச் சேதியை நான் சொல்லி அனுப்பவே இல்லை. அம்மா முதலில் எதைக் கேட்பார் என்று யோசித்து அவளே எழுதியிருக்கிறாள்.

லாரியில் தண்ணீர் கொண்டுவந்த அண்ணன்கள், கம்பத்தில் ஏறிய மின்வாரியத்து ஆட்கள், மழையிலேயே மரம் அறுத்தவர்கள், கல்யாண மண்டபத்தில் சோறு வடித்தவர்கள், மாத்திரை கொண்டுவந்து கொடுத்த நர்ஸ் அம்மா, வத்தலக்குண்டில் எங்களிடம் காசு வாங்க மறுத்த டீக்கடைக்காரர், உங்கள் எல்லோருக்கும் என் கும்பிடு.

மழைக்காக ஒரே நாளில் செய்த ஏற்பாடு இல்லை இது என்று விசாரித்தபோது சொன்னார்கள். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துப் போடச் சொல்லி, இதே மாணவிகள் இதே பணியாளர்களோடு பல மாதமாக வீடு வீடாக வந்துகொண்டிருந்தார்களாம். நான் காலையில் கடைக்குப் போய்விடுவதால் பார்த்ததில்லை. அந்த நடையில்தான் தெருவும் ஆட்களும் அவர்களுக்குப் பழகியிருக்கிறது. நானும் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தவன்தான். ஆண்டுக்கு 120 மணி நேரம் வேலை, ஏழு நாள் முகாம். மரக்கன்று நட்டோம், கோயில் குளத்தைச் சுத்தம் செய்தோம். ஆனால் எந்த வீட்டில் யாருக்குக் காது கேட்காது என்று எங்களுக்குத் தெரியாது.

நகராட்சிக்கு ஒரு வேண்டுகோள். முதுகலைப் படிப்பு இரண்டு வருஷம். இந்தப் பிள்ளைகள் படிப்பு முடிந்து ஊருக்குப் போய்விடுவார்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள், அவர்கள் சாப்பிடும் மருந்து, யாரைக் கூப்பிட வேண்டும் என்று இப்போது இவர்கள் எழுதியிருக்கும் நோட்டு அவர்களோடு போய்விடக் கூடாது. வார்டு அலுவலகத்தில் ஒரு நகல் இருக்கட்டும். எங்கள் தெருவின் பக்கங்களை மாதாமாதம் சரிபார்த்து எழுதித் தருவது இனி என் வேலை. அடுத்த வருஷம் புதிதாகச் சேரும் மாணவிகளை வீடு வீடாக அழைத்துப்போய் அறிமுகம் செய்து வைப்பதும் என் பொறுப்பு.

தங்கச்சி, நீ எழுதிய ஐந்து தாளும் ஆணியில் பத்திரமாக இருக்கிறது. அம்மா உனக்கு எழுதியதை, "நீ சாப்பிட்டியா" என்பதை, நீ கேட்டு வாங்கிக்கொண்டு போனாயாம். மிஷினுக்கு பேட்டரி மாற்றிவிட்டேன், இப்போது நன்றாகக் கேட்கிறது. ஆனாலும் நீ வந்தால் எழுதித்தான் காட்ட வேண்டுமாம். நாலு மணிக்கு டீ போட்டு வைக்கிறார்.