புரட்டாசியில் கேட்டால் புங்கன்தான் கிடைக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழை தொடங்கியதும் உங்கள் நாளிதழில் மரம் நடும் படங்கள் வரிசையாக வரத் தொடங்கும். ஒரு குழி, ஒரு கன்று, குடத்தோடு ஒரு பிரமுகர், சுற்றிலும் பள்ளிப் பிள்ளைகள். அந்தப் படங்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்தக் கன்றுகளை விற்றுத்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. திண்டிவனம் பக்கத்தில் காட்டு மரங்களுக்கான நாற்றங்கால் நடத்துகிறேன். நான் கேட்பது வேறு. அந்தக் கன்று வேண்டும் என்று எந்த மாதத்தில் சொன்னார்கள்?

2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்த வேண்டும் என்கிறது. இலக்கு நல்லதுதான். எங்களிடம் கன்று கேட்டு ஊராட்சிக்காரர்கள், கல்லூரிகள், தொழிற்சாலைகள், அறக்கட்டளைகள் என்று பலரும் வருகிறார்கள். பெரும்பாலோர் வருவது ஆவணிக் கடைசியில், இல்லையென்றால் புரட்டாசியில். "பத்தாயிரம் கன்று வேண்டும். எல்லாம் நாட்டு மரமாக இருக்க வேண்டும். இருபது வகையாவது இருக்க வேண்டும். ஐப்பசி முதல் வாரம் வண்டி அனுப்புகிறோம்" என்பார்கள். என்னிடம் அப்போது கையில் இருப்பது சித்திரையில் விதைத்த புங்கன். அதைத்தான் ஏற்றி அனுப்புகிறேன். பிறகு, சாலை நெடுகப் புங்கனாகவே இருக்கிறதே என்று வாசகர் ஒருவர் உங்களுக்குக் கடிதம் எழுதுகிறார்.

மரம் விதை தரும் மாதத்தை எந்த அரசாணையாலும் மாற்ற முடியாது. வாகைக் காய் தை, மாசியில் மரத்திலேயே காய்ந்து சலசலக்கும். புங்கங்காய் பங்குனி, சித்திரையில் கிடைக்கும். வேம்பும் நாவலும் இலுப்பையும் ஆனி, ஆடியில் பழுத்து விழும். இந்த மூன்றும் சேமித்து வைக்க முடியாத விதைகள். பழம் விழுந்த கையோடு சதையைக் கழுவி, நிழலில் ஆற்றி, ஓரிரு வாரத்துக்குள் மண்ணில் போட்டுவிட வேண்டும். ஒரு மாதம் கட்டி வைத்தால் சாக்கு மட்டும்தான் மிஞ்சும். வாகை அதற்கு நேர் எதிர். தோல் தடித்த விதை, வருடக்கணக்கில் டப்பாவில் கிடக்கும். கொதிக்கும் நீரை அடுப்பிலிருந்து இறக்கி, அதில் விதையைப் போட்டு ஆறவிட்டு, ஓர் இரவு ஊறிய பிறகுதான் முளைக்கச் சம்மதிக்கும். தேக்குக் கொட்டையை நாள் கணக்கில் மாற்றி மாற்றி ஊறவைக்கவும் காயவைக்கவும் வேண்டும். சந்தனத்தின் கதை தனி. அது பக்கத்துச் செடியின் வேரிலிருந்து உறிஞ்சிப் பிழைக்கும் மரம். பையிலேயே துவரைச் செடி ஒன்றைத் துணைக்கு வளர்த்து, துவரை மேலோங்கி நிழலடிக்காதபடி அடிக்கடி கிள்ளிக்கொண்டும் இருக்க வேண்டும்.

ஆடியில் விதைத்த நாவல் ஐப்பசியில் மூன்று மாதச் செடி. அதைப் பொட்டல் காட்டில் நட்டால் பங்குனி வெயிலைத் தாண்டாது. அடுத்த ஆண்டு மழைக்குத்தான் அது தயாராகும். ஆக, இந்த ஆண்டு நாவல் நட வேண்டுமானால் போன ஆண்டு ஆனிக்கு முன்பே யாராவது என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லாமலும் கொஞ்சம் துணிந்து விதைக்கிறேன். விற்காமல் நின்றுவிட்டால் பையும் எருவும் ஓராண்டுத் தண்ணீரும் என் நஷ்டம்.

எங்கள் கடலோரத்துக்கே உரிய காடு ஒன்று உண்டு. மரக்காணம், புத்துப்பட்டுப் பக்கத்துக் கோயில் காடுகளில் அதன் மிச்சத்தைப் பார்க்கலாம். வீரை, காயா, உலக்கைப் பாலை, கருங்காலி என்று இலை உதிர்க்காத மரங்கள். ஆரோவில்லில் அரை நூற்றாண்டாகப் பாடுபட்டு, மண் அரித்துப்போன செம்மேட்டில் இந்த இனங்களை மறுபடி வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். ஆகாத காரியம் ஒன்றும் இல்லை, பொறுமைதான் வேண்டும். கருங்காலி முதல் ஆண்டில் கண்ணுக்கு வளர்ந்ததாகவே தெரியாது. அந்த நேரத்தில் அது வேர் விட்டுக்கொண்டிருக்கும். இந்த மரங்களை ஒரே ஆண்டு டெண்டரில் யாராலும் கொடுக்க முடியாது. இரண்டு ஆண்டுக்கு ஒப்பந்தம் போடுங்கள் என்று ஓர் அலுவலகத்தில் கேட்டேன். "நிதி மார்ச்சோடு முடிந்துவிடும் அம்மா" என்றார்கள். அவர்கள் பக்கம் அது உண்மைதான். கருங்காலிக்கு நிதியாண்டு தெரியாது என்பதும் உண்மைதான்.

இன்னொரு வம்பு, உயரம். "கன்று மூன்றடிக்குக் குறையக் கூடாது" என்று நிபந்தனை எழுதிவிடுகிறார்கள். அளவுகோலை வைத்துப் பார்த்தால் வேலை முடிந்துவிடுகிறது அல்லவா! ஆனால் நாற்றங்காலில் மற்ற கன்றுகளை மீறி ஓங்கி நிற்கும் கன்று பல நேரம் பை ஓட்டை வழியே ஆணிவேரைத் தரைக்குள் இறக்கிய கன்றாக இருக்கும். அது பையிலிருந்து சாப்பிடவில்லை, என் நிலத்திலிருந்து சாப்பிடுகிறது. வண்டி ஏற்றும் நாளில் பையைத் தூக்கினால் "பட்" என்று சத்தம் கேட்கும். வேர் தரையிலேயே தங்கிவிடும். உயரம் உங்கள் வண்டியில் வரும். இரண்டு நாளில் தலை தொங்கிவிடும்.

இதைத் தவிர்க்கத்தான் நாங்கள் மாதம் ஒருமுறை பைகளைத் தூக்கி இடம் மாற்றி அடுக்குகிறோம். வெளியே நீண்ட வேரை நறுக்கி, மாலை வேளையில் மாற்றி, தண்ணீர் விட்டு, சில நாள் நிழல்வலைக்குக் கீழே தேற்ற வேண்டும். அப்படி வளர்ந்த கன்று குட்டையாகத்தான் இருக்கும். தண்டு பென்சில் கனத்தில் இருக்கும். கடைசி மாதம் நிழல்வலையை எடுத்துவிட்டுத் தண்ணீரையும் குறைத்துப் பழக்குவதால் இலையில் கொஞ்சம் மஞ்சள்கூடத் தட்டும். வாங்க வருபவர் அதைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு, யூரியா தின்று பளபளக்கும் பக்கத்துத் தோட்டத்துக் கன்றைத் தேடிப் போய்விடுகிறார். அவர் நட்ட இடத்தை அடுத்த வைகாசியில் யாரும் படம் எடுப்பதில்லை.

போன ஆண்டு விற்காமல் நின்றதை "பெரிய கன்று" என்று கூடுதல் விலைக்குத் தள்ளிவிடுவதும் எங்கள் தொழிலில் நடக்கிறது. எங்கள் ஆட்களுக்குக் கோபம் வந்தாலும் சொல்லத்தான் வேண்டும். பைக்குள் வேர் பாம்பாகச் சுருண்டிருக்கும். அப்படியே நட்டால் மரமான பிறகும் அந்தச் சுருள் பிரியாது. 2011 தானே புயலுக்குப் பிறகு எங்கள் ஊர்ச் சாலையோரத்தில் சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின் அடியில் பார்த்தேன். வேர் பந்துபோல் உருண்டிருந்தது, கறுப்புப் பிளாஸ்டிக் பை கழுத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நட்டவருக்குப் பையைக் கிழிக்கக்கூட நேரம் இல்லை போலும். சுருண்ட வேர் தெரிந்தால் அடிப்பகுதியை ஓர் அங்குலம் நறுக்கிவிட்டு, பக்கவாட்டில் இரண்டு கீறல் போட்டு நட வேண்டும். அதைவிட நல்லது, அந்தக் கன்றை வாங்காமல் இருப்பது.

கணக்கையும் கொஞ்சம் சொல்கிறேன். பத்தாயிரம் கன்று கொடுக்க வேண்டுமானால் பன்னிரண்டாயிரம் பை நிரப்ப வேண்டும். முளைக்காதது, அழுகியது, ஆடு மேய்ந்தது எல்லாம் போகத்தான் பத்தாயிரம் தேறும். பைக்கு ஒன்றேகால் கிலோ என்றாலும் செம்மண், மணல், எரு சேர்ந்து 15 டன். கைதேர்ந்த ஒரு பெண் ஒரு நாளில் 500 பை நிரப்புவார். நான்கு பேர் உட்கார்ந்தால் ஆறு நாள் வேலை. அதற்குப் பிறகு தினமும் தண்ணீர், களை, பை மாற்றுதல். இந்தச் செலவில் பாதிக்கு மேல் சித்திரைக்குள் முடிந்துவிடும். பணம் கைக்கு வருவதோ கார்த்திகையில், சில நேரம் அடுத்த சித்திரையில். இடையில் வட்டிக்குக் கடன் வாங்கி நாற்றங்கால் நடத்துவது பெண்கள் குழுவாக இருந்தால், அடுத்த ஆண்டு அந்தக் குழு நாற்றங்காலே வேண்டாம் என்று போய்விடுகிறது.

ஆகவே மரம் நட நினைப்பவர்களிடம் உங்கள் நாளிதழ் வழியாக நான் கேட்டுக்கொள்வது: தை மாதத்தில் வாருங்கள். என்ன மண், எத்தனை குழி, தண்ணீர் உண்டா என்று சொல்லுங்கள். எந்த மரம் அங்கே நிற்கும் என்று நான் சொல்கிறேன். பை நிரப்பும் செலவை முன்பணமாகக் கொடுங்கள். ஆவணியில் ஒருமுறை வந்து, நான் காட்டும் பாத்தியிலிருந்து அல்ல, நீங்களாகச் சுட்டும் பாத்தியிலிருந்து பத்துப் பையை எடுத்துக் கிழித்து வேரைப் பாருங்கள். அந்தப் பத்துக்கும் காசு கேட்கமாட்டேன். விதை எந்த ஊர் மரத்தில் எடுத்தது என்றும் கேளுங்கள்; பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். ஒரே ஒரு மரத்தடியில் கூட்டி அள்ளிய விதையா, பல மரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்ததா என்றும் கேட்டால் இன்னும் நல்லது.

இந்த ஆண்டு ஆனியில் வரும் நாவலையும் இலுப்பையையும் விதைப்பதா வேண்டாமா என்று நான் பங்குனிக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

இப்படிக்கு,
நாற்றங்கால் நடத்தும் ஒரு வாசகி,
திண்டிவனம் வட்டம்.

(பெயரை வெளியிட வேண்டாம். அந்த அலுவலகத்தில் அடுத்த ஆண்டும் ஆர்டர் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது.)