குஞ்சுப் பெட்டியைப் பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து, மறுபடியும் மலைக்கு வேலைக்குப் போகிறாள்.

நேற்று நீ போனில் அழாத குறையாகப் பேசியது மனதை விட்டுப் போகவில்லை. 30 கோழிக்குஞ்சு வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் பக்கத்துக் காம்பரா வீட்டில் நாற்றம் என்று ஜன்னலைச் சாத்துகிறார்கள் என்றாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

குஞ்சுகளைச் சோப்பு போட்டுக் கழுவலாமா என்று கேட்டாயே, வேண்டவே வேண்டாம். நீ ஒன்றாம் ஆண்டு படிக்கும்போது ஒரு குஞ்சைப் பேசினில் வைத்துக் குளிப்பாட்டினாய், ஞாபகம் இருக்கிறதா? பஞ்சு உருண்டை மாதிரி இருந்தது நனைந்து ஈர்க்குச்சியாகிவிட்டது. அம்மா துணியில் சுற்றி அடுப்படியில் வைத்துப் பார்த்தாள், பொழுது சாயும்வரை தாங்கவில்லை. இறகு முளைக்கும்வரை குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது. நம் குளிரில் நனைந்தால் பிழைப்பது கஷ்டம்.

நாற்றம் குஞ்சிலிருந்து வருவதில்லை மகள். எச்சத்தில் ஈரம் சேரும்போது வருகிறது. காய்ந்த எச்சம் அவ்வளவாக மணக்காது. ஈரம் பட்டால் கிருமிகள் அதை அமோனியாவாக மாற்றிவிடும், கண்ணையும் மூக்கையும் எரிப்பது அந்த வாயுதான். நின்றுகொண்டு பார்த்தால் உனக்குத் தெரியாது. குனிந்து, குஞ்சின் தலை இருக்கும் உயரத்துக்கு மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார். உனக்குக் கண் கரித்தால், அதுகள் இராப்பகலாக அதைத்தான் மூச்சில் இழுக்கின்றன.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஓர் ஆடி மாதம், மழை விடாமல் ஊற்றிய வாரம். குளிருக்குப் பயந்து பெட்டியை நாலு பக்கமும் சாக்குப் போட்டு, மேலே பொலித்தீனால் இறுக்கி மூடினேன். விடியற்காலை பிரித்தால், பொலித்தீனின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். கீழே மரத்தூள் களிமாதிரி. வீசிய நெடியில் எனக்கே கண்ணீர் வந்தது. 20 குஞ்சில் ஏழு செத்துக் கிடந்தது, மற்றதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நின்றது. அதுகள் விட்ட மூச்சின் ஈரமே வெளியே போக வழியில்லாமல் திரும்ப அதுகள் மேலேயே விழுந்திருக்கிறது. இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. மலைநாட்டில் நாம் எல்லோரும் செய்யும் தவறு இது. நீயும் மூடித்தான் வைத்திருப்பாய் என்று நினைக்கிறேன். பக்கங்களில் காற்று அடிக்காமல் மறை, மேலே மட்டும் ஒரு சாண் இடம் எப்போதும் திறந்திருக்கட்டும்.

சூட்டைப் பெட்டிக்குள் எரியும் பல்ப் பார்த்துக்கொள்ளும். முதல் வாரம் 33 பாகை செல்சியஸ் அளவுக்கு வேண்டும், பிறகு வாரம் 3 பாகை குறைத்துக்கொண்டு வரலாம். வெப்பமானி தேவையில்லை, குஞ்சுகளைப் பார்த்தாலே தெரியும். பல்புக்கடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர். மூலையில் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவிப் படுத்திருந்தால் சரி.

அடியில் பேப்பர் போடாதே, கால் வழுக்கி விரிந்துபோகும். நைசான மரத்தூளும் வேண்டாம், கொத்தித் தின்றுவிடும். தச்சு வேலை நடக்கும் இடத்தில் சுருள் சுருளாகச் சீவல் கிடைக்கும், இல்லாவிட்டால் உமி. மூன்று அங்குலம் போட்டுத் தினமும் கையால் கிளறு. ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பார். உதிர்ந்தால் நல்லது, உருண்டையாகவே நின்றால் ஈரம் ஏறிவிட்டது, அந்த இடத்தை அள்ளிக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடு. ஈரம் முக்கால்வாசி தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றித்தான் இருக்கும். பாத்திரத்தைச் செங்கல்மேல் வை, விளிம்பு குஞ்சின் முதுகு உயரத்துக்கு இருக்கட்டும், வளர வளர உயர்த்து. சுண்ணாம்பு தூவச் சொன்னார்களாமே, எச்சம் கிடக்கும்போது தூவினால் அமோனியா இன்னும் கிளம்பும். பெட்டியைக் காலி செய்து, காய்ந்த அடியில் தூவி, அதன்மேல் சீவல் போடுவதானால் போடு.

மீந்த சோறு, கருவாட்டுத் தலை எதுவும் கொடுக்காதே. உப்பு சேர்ந்தால் தண்ணீரை நிறையக் குடித்துத் தண்ணியாகவே கழியும். குஞ்சுத் தீன் போதும்.

அப்புறம், ஒவ்வொன்றையும் தூக்கிப் பின்பக்கம் பார். எச்சம் காய்ந்து ஒட்டி வழியை அடைத்திருந்தால் அது சாகவும் கூடும். பிய்த்து இழுத்தால் தோலும் சேர்ந்து வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒரு நிமிடம் ஒற்றிப் பிடி, ஊறித் தானாகக் கழன்றுவிடும். உடனே துணியால் துடைத்துப் பல்புக்கடியில் விடு. புதுக் குஞ்சில் சற்றுக் கீழே, வயிற்றுப் பக்கம் கறுப்பு நூல் மாதிரி ஒன்று இருக்கும். அது தொப்புள், அதைத் தொடாதே. எச்சத்தில் இரத்தம் கண்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் அன்றைக்கே கால்நடை வைத்தியரிடம் போ.

அள்ளிய சீவலை லயத்து வீடுகளுக்குப் பின்னால் குவிக்காதே, ஈ மொய்க்கும். குழி வெட்டிப் போட்டு மண்ணால் மூடு. மக்கினால் உன் லீக்ஸ் பாத்திக்கு நல்ல உரம்.

30 குஞ்சுக்கு அந்த அட்டைப் பெட்டி மூன்றாம் வாரம் போதாது. எங்களுக்கு மழை பெய்யும் இந்த நாளில் உங்கள் பண்டாரவளைப் பக்கம் மழையில்லாத வெயில் காலம்தானே, அதனால் இப்போதே மாப்பிள்ளையைக் கூண்டு அடிக்கச் சொல். ஐப்பசி மழைக்கு முன் முடியட்டும். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன், சீவல் இரண்டு மூட்டை கொண்டுவருவேன். அதுவரைக்கும் அந்தப் பெட்டியின் மேல் மூடியை இன்றைக்கு இரவே திறந்துவிடு.

அன்புடன்
அப்பா